யார்முன் பணிவது?

மாட்டுங்கா லேபர் கேம்பின் சந்துகளில் ஆடப்படும் கிரிக்கெட்டுக்குச் சட்டநூல் எதுவும் இல்லை, சட்டங்கள் உண்டு. பந்து தரையில் படாமல் எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டால் அவுட். யார் வீட்டுக்குள்ளாவது போய் விழுந்தால் அதுவும் அவுட். ஒருமுறை குத்தி எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்துவிட்டாலும் அவுட்தான். சந்துக்குச் சந்து சிறு வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் எல்லாச் சட்டங்களும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை: இடமில்லை. தண்ணீர்க் குடங்களுக்கும் நிறுத்திவைத்த வண்டிகளுக்கும் நடுவே, மட்டையை நேராக வீசத் தெரியாத பிள்ளை அங்கே நெடுநேரம் நின்று ஆட முடியாது. இடநெருக்கடியே அங்கு முதல் பயிற்சியாளராக இருக்கிறது.

அத்தகைய சந்தொன்றில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்ளலாம். கட்டுரைக்காகக் கற்பனை செய்துகொண்ட உருவந்தான். எனினும் தாராவித் தமிழர் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அவன் அந்நியனாகத் தோன்றமாட்டான். பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்துச் சேரியிலிருந்து ரயிலேறி வந்து, தாராவியின் தோல் பதனிடும் சாலையொன்றில் கூலியாகச் சேர்ந்தவர். தகப்பன் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். சிறுவன் மட்டையைப் பிடித்தால் சந்து முழுவதும் நின்று பார்க்கிறது. ‘அடுத்த சச்சின்’ என்று அண்டைவீட்டார் சொல்லத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தகப்பனுக்கு மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் எழுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வச்சத்துக்குக் காரணம் கிடைத்தது. பந்து சுவரில் பட்டது, பந்து வீசியவன் அவுட் என்றான், பையன் மறுத்தான். வாக்குவாதம் முற்றியபோது, மட்டை தன்னுடையது என்பதால் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஆட்டம் நின்றுபோயிற்று.

“எதுக்குல மட்டைய எடுத்துட்டு வந்த?”

“அவன் கள்ளாட்டம் ஆடுதாம்ப்பா.”

“அவன விடு. பந்து சொவத்துல பட்டுச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “லேசாத்தான் பட்டுச்சு” என்றான்.

“லேசாப் பட்டா அவுட் இல்லியோ? போ, மட்டையக் குடுத்துட்டு வா.”

பையன் போனான். தகப்பனின் மனம் அதோடு அமைதியடையவில்லை. ‘பணிவாக இரு’ என்று மகனுக்குச் சொல்லவேண்டும் என அவருக்குத் தோன்றியது. அச்சொல் நாவுவரை வந்து நின்றுவிட்டது. அவருடைய தகப்பனார் ஊரைவிட்டு வந்ததே பணிந்து பணிந்து முதுகு வளைந்ததனால்தான். ஊரில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்த மனிதர், பம்பாய்க்கு வந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டு தோளிலிருந்து மீண்டும் இறங்கிவிடாதபடி பேரனுக்குப் பணிவைக் கற்பிப்பது எப்படி?

திறமையுள்ள பிள்ளைகளைப் பெற்ற எல்லோருக்கும் ஏதோவொரு வடிவில் இக்கேள்வி உண்டு. லேபர் கேம்ப் போன்றதோர் இடத்தில் அது கூர்மையாகிறது. திறமை, ஒழுங்கு, பணிவு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. மூன்றில் கடைசியானதை யாரிடம், யார், எதன்பொருட்டுக் கேட்கிறார்கள் என்பதைப் பிரித்தறியாதவரை அவ்வுபதேசம் பாதியளவே உண்மையாயிருக்கும்.

முதலில் ஒழுங்கைப் பார்க்கலாம். அதற்கான புகழ்பெற்ற பள்ளி லேபர் கேம்பிலிருந்து தொலைவில் இல்லை. மேற்கு ரயில்பாதையைக் கடந்து தாதர்ப் பக்கம் நடந்தால் சிவாஜி பார்க் வந்துவிடும். ரமாகாந்த் அச்ரேக்கர் பல தலைமுறை ஆட்டக்காரர்களை உருவாக்கிய மைதானம் அது. 1990-இல் துரோணாச்சாரியர் விருதும் 2010-இல் பத்மஸ்ரீயும் பெற்ற அவர் 2019 ஜனவரி 2 அன்று மறைந்தார். 2024 டிசம்பரில் அங்கே அவருக்கு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது.

அச்ரேக்கரின் ஒற்றை ரூபாய் நாணயம் பலரும் அறிந்த செய்தி. பயிற்சியின் இறுதியில், களைத்துப்போயிருக்கும் சிறுவன் சச்சினை ஆடவிட்டு, ஸ்டம்பின் மீது ஒரு ரூபாயை வைப்பார். அவரை வீழ்த்தும் பந்துவீச்சாளருக்கு அந்த ரூபாய். வீழ்த்த முடியாவிட்டால் அது சச்சினுக்கு. அப்படி வென்ற நாணயங்களைத் தாம் பெற்ற பெரும் பரிசுகளுக்கு நிகராகப் பின்னாளில் சச்சின் போற்றினார். அந்தப் பயிற்சியில் கவனிக்கத்தக்கது நாணயத்தின் மதிப்பைக் காட்டிலும் அது வைக்கப்பட்ட நேரம். உடல் ஓய்வைக் கேட்கும்போது, பார்வையாளர் கலைந்துபோனபோது, இனி ஆடி என்ன ஆகப்போகிறது என்று மனம் சோரும்போது, அப்போதும் விக்கெட்டுக்கு விலை உண்டு என்று அந்த நாணயம் சொன்னது. திறமை பெரும்பாலும் கூட்டத்தின் முன் வெளிப்படுகிறது. ஒழுங்கு உருவாவது எவரும் பார்க்காத அந்தக் கடைசி அரைமணி நேரத்தில்.

2013 நவம்பர் 16 அன்று வான்கடே மைதானத்தில் விடைபெற்றுப் பேசியபோது சச்சின் இன்னொன்றையும் சொன்னார். 29 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தம் ஆசிரியர் ‘நன்றாக ஆடினாய்’ என்று சொன்னதில்லையாம். சொன்னால் மாணவன் தன்னிறைவு கொண்டு உழைப்பைக் குறைத்துவிடுவான் என்பது ஆசிரியரின் எண்ணம். அதே ஆசிரியர்தான் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடக் கிடைக்கும்படி, மாணவனைத் தம் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு மும்பையின் மைதானம் மைதானமாகச் சுற்றியவர். வாயால் தராத பாராட்டை அவர் பெட்ரோலாகவும் நேரமாகவும் தந்தார் என்று கொள்ளலாம். ஸ்கூட்டரை மறந்துவிட்டு மௌனத்தை மட்டும் பின்பற்றும் பெற்றோர் அச்ரேக்கரைப் பாதியே படித்தவர்கள்.

இங்கே வழக்கமாக ஒரு நீதிக்கதை சொல்லப்படுவதுண்டு. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில், ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியில், சாரதாஸ்ரமப் பள்ளிக்காகச் சச்சினும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்களைச் சேர்த்தனர். காம்ப்ளி 349, சச்சின் 326. இருவரும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். ஒருவர் 200 டெஸ்டுகள் ஆடினார். மற்றவர் 17 டெஸ்டுகளில் 54-க்கும் மேற்பட்ட சராசரியில் 1,084 ஓட்டங்கள் எடுத்தும், 24 வயது நிறையும் முன்னரே தம் கடைசி டெஸ்டை ஆடி முடித்துவிட்டார். ‘முன்னவருக்கு ஒழுக்கம் இருந்தது, பின்னவருக்கு இல்லை’ என்று கதையை முடித்துவிடுவது மேடைப் பேச்சாளர்களுக்கு வசதியானது.

பிள்ளையிடம் அந்தக் கதையை அப்படியே சொல்லுவது நேர்மையாகாது. சச்சினின் தந்தை ரமேஷ் டெண்டுல்கர் மராத்திக் கவிஞர், கல்லூரிப் பேராசிரியர். பாந்திராவிலிருந்து போய்வரும் அலைச்சலைக் குறைப்பதற்காக, சிவாஜி பார்க் அருகிலிருந்த உறவினர் வீட்டில் மகனைத் தங்கவைக்க அக்குடும்பத்தால் முடிந்தது. அண்ணன் அஜித் கையைப் பிடித்து அச்ரேக்கரிடம் அழைத்துச் சென்றார். காம்ப்ளியோ கஞ்சூர்மார்க்கிலிருந்து, மும்பையின் நெரிசல் மிகுந்த புறநகர் ரயிலில், கிரிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு வந்து போனவர். ஒழுங்கு என்பது ஒருவரின் மனவுறுதியால் மட்டும் ஆனதன்று. அந்த உறுதிக்கு ஒரு வீடும் தூக்கமும் அருகிலொரு மைதானமும் துணை நிற்கவேண்டும். வேறுபட்ட வாழ்க்கைகளை ஒரே தராசில் வைத்து, எடை குறைந்தவரைக் குற்றவாளியாக்குவது பிள்ளைக்குத் தவறான கணக்கைக் கற்பிப்பதாகும்.

அந்த 664-இல் பிள்ளைக்குச் சொல்லத்தக்க வேறொரு பகுதி இருக்கிறது. ஆட்டத்தை முடித்து எதிரணியை ஆடவிடும்படி வந்த செய்தியை இரு சிறுவரும் காதில் வாங்காமல் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். கடைசியில் தொலைபேசியில் ஆசிரியரின் குரலே வந்தது. காம்ப்ளி 350-க்கு ஓர் ஓட்டமே குறைவாக நின்றுகொண்டிருந்தார். அந்த ஓர் ஓட்டம் எடுக்கப்படவில்லை, ஆட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. இன்றும் பதிவேட்டில் 349 என்றே இருக்கிறது. தன் எண்ணிக்கையைவிட அணியின் வெற்றிக்கான நேரம் பெரிது என்பதை அந்த முழுமையடையாத எண் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒழுங்கின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாட்டின் த. நடராஜனிடம் காணலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில், நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். நெடுநாள் டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். தோல் பந்தைக் கையிலெடுத்தது இருபதை ஒட்டிய வயதில்தான். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடிய கையோடு, அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று நடுவர்கள் அறிக்கை அளித்தனர். கிராமத்திலிருந்து புறப்பட்டு மாநில அணிவரை அவரைக் கொண்டுவந்து சேர்த்த அதே கைவீச்சு தவறானது என்று சொல்லப்பட்டது. அவர் முன்னிருந்த வழிகள் இரண்டு: அநீதி என்று கூறி டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்குத் திரும்பிப் போவது, அல்லது கற்றதை மறந்து மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்பது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் கைவீச்சைத் திருத்திக்கொண்டார். 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் வீரர் ஆனார்.

திருத்திக்கொள்ளும் அந்த ஓராண்டுக்குப் பெயர் ஒழுங்கு என்றால், ‘என் முறையில் பிழை இருக்கலாம்’ என்று ஒப்புக்கொண்ட முதல் நாளுக்குப் பெயர் பணிவு. இரண்டும் அங்கே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பணிவில்லாதவருக்குத் தன் பிழை தெரியாது. ஒழுங்கில்லாதவர் தெரிந்த பிழையைத் திருத்தமாட்டார். புகழ் வந்தபின் நடராஜன் தம் ஊரிலேயே பிள்ளைகளுக்கு மைதானம் அமைத்தார். ஆஸ்திரேலிய வெற்றிக்காகத் தமக்குப் பரிசாக வந்த காரைத் தம்மை வளர்த்த ஜெயப்பிரகாஷுக்கு அளித்தார். தன் திறமையில் பிறருக்குப் பங்குண்டு என்று அறிந்தவரின் செயல்கள் இவை.

தாராவிக்கே உரிய சான்றும் உண்டு. சிம்ரன் ஷேக் தாராவியில் எலெக்ட்ரீஷியன் ஒருவரின் மகளாக வளர்ந்தவர். சந்துகளில் பையன்களோடு ஆடிப் பழகியவர். 2023-இல் மகளிர் பிரீமியர் லீகின் முதல் ஆண்டிலேயே உ.பி. வாரியர்ஸ் அணி அவரை எடுத்தது. சொல்லிக்கொள்ளும்படி ஓட்டங்கள் வரவில்லை. அடுத்த ஏலத்தில் அவரை எந்த அணியும் வாங்கவில்லை. அந்த ஓராண்டில் அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 2024 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஏலத்தில், 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையிலிருந்து ஏறி 1.90 கோடிக்கு குஜராத் ஜயன்ட்ஸ் அவரை எடுத்தது. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த தொகை அதுவே. செய்தித்தாள்கள் கோடியைத் தலைப்பாக்கின. 13 வயதுப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பகுதியோ விலைபோகாத அந்த ஆண்டு. ‘ஏலத்தில் பெயர் படிக்கப்பட்டது, ஒருவரும் கை தூக்கவில்லை, மறுநாள் அவர் என்ன செய்திருப்பார்?’ என்று கேட்டு, பதிலை அவனிடமே விட்டுவிடலாம்.

இதுவரை பேசிய பணிவில் தகப்பனுக்குத் தயக்கம் எதுவும் இருக்காது. தன் பிழையின் முன், ஆட்டத்தின் சட்டத்தின் முன், தோல்வியின் முன் தலைதாழ்த்துவதில் இழிவு இல்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்ற கணத்தில் குகேஷ் கண்ணீருக்கு நடுவே பலகையில் காய்களை மீண்டும் அவற்றின் இடங்களில் அடுக்கிவைத்தார். ஆட்டத்தின் முன் வணங்குதல் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது. அவரை எவரும் பணியச் சொல்லவில்லை.

தயக்கம் எழுவது வேறோரிடத்தில். அதைப் புரிந்துகொள்ள மும்பைக் கிரிக்கெட்டின் வரலாற்றில் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகவேண்டும்.

பல்வாங்கர் பாலு தோல்தொழிலோடு பிணைக்கப்பட்ட சாம்பார் சமூகத்தில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர். புனேயில் ஐரோப்பியரின் ஜிம்கானாவில் ஆடுகளப் பணியாளாகச் சேர்ந்து, அங்கே ஜே. ஜி. கிரெய்க் முதலிய ஆங்கிலேயர்களுக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் பந்துவீசித் தம் கலையைக் கூர்மைப்படுத்திக்கொண்டார். பந்துவீச அழைத்தவர்கள் மட்டை பிடிக்க ஒருமுறையும் வாய்ப்பளிக்கவில்லை. புனே இந்துக்களின் அணி அவருடைய விக்கெட்டுகளை விரும்பி ஏற்றது. ஆட்டத்தின் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண்கலயத்தில் தரப்பட்டது. ராமச்சந்திர குஹா 2002-இல் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாறு இச்செய்திகளை விரிவாகப் பதிவுசெய்கிறது. 1911-இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியில் பாலு நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். மூத்தவர், சிறந்தவர் என்ற இரு தகுதிகள் இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவேயில்லை.

தோல் தொட்ட கையென்று விலக்கிய சமூகம், அதே கை வீசிய தோல் பந்தைப் பிடிக்கத் தயங்கவில்லை. தோல் பை தைக்கும் ஒரு தகப்பனுக்கு இவ்வரியை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாலுவின் ஒழுங்கைப் பற்றியோ ஆட்டத்தின் மீது அவருக்கிருந்த பக்தியைப் பற்றியோ எவரும் குறைசொன்னதில்லை. ஆனால் கலயத்துத் தேநீரை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருந்ததும் பணிவென்றே அக்காலத்தில் மெச்சப்பட்டிருக்கும். அடுத்து வந்தவர்கள் அந்த எல்லையைத் தாண்டினார்கள். 1920-இல் பாலுவுக்கு அநீதி இழைக்கப்பட்டபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகி நின்றனர். ஆட்டத்தை உயிராக நேசித்தவர்கள், அதே ஆட்டத்தை மறுத்து நின்றார்கள். 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டுக் கோப்பையையும் அவ்வணியே வென்றது.

மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்ட லேபர் கேம்ப்ச் சிறுவனும் ஆட்டத்தை மறுத்தவன்தான். விட்டலும் ஆட்டத்தை மறுத்தவர்தான். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலிருக்கின்றன. சிறுவன் மறுத்தது உண்மையை. பந்து சுவரில் பட்டது அவனுக்குத் தெரியும். விட்டல் மறுத்தது பொய்யை. பிறப்பு ஒருவரைத் தலைமைக்குத் தகுதியற்றவராக்கும் என்ற பொய்யை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்பித்துவிட்டால், பணிவு பற்றிய பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை அறியாததன்று. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் அடக்கத்தைப் பெரும்பாலும் தன்னைத்தான் ஆளுதலாகவே பேசுகிறது; ஐம்புலன்களைக் காத்தலும் நாவைக் காத்தலும் அங்கே வருகின்றன. பணிதல் எல்லோர்க்கும் நல்லதென்று சொல்லும் குறளொன்றும் அதே அதிகாரத்தில் உண்டு. அது பணிவின் சிறப்பைத் தனியே செல்வர்களுக்கு எடுத்துச் சொல்லி முடிகிறது. நடைமுறையிலோ அவ்வறிவுரை இல்லாதவரை நோக்கியே எப்போதும் திருப்பிவிடப்பட்டு வந்திருக்கிறது. ‘அடக்கமான பையன்’ என்ற நற்சான்று சில இடங்களில், எதிர்த்துக் கேட்கமாட்டான் என்பதற்கான இன்னொரு பெயர். பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் சீக்கிரமாக, இன்னும் கண்டிப்பாக வந்து சேர்கிறது.

ஆகவே தகப்பனுக்குத் தேவைப்படுவது பெரிய தத்துவமன்று. நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க சில சிறிய அளவுகோல்கள்.

பயிற்சி முடிந்ததும் வலையைச் சுருட்டுவது, பாயை மடிப்பது, பந்துகளை எண்ணிப் பையில் போடுவது ஆகியவற்றை எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்தால் அது ஒழுங்கு. தன் முறை வரும்போது நட்சத்திர ஆட்டக்காரனும் செய்யவேண்டும். அதே வேலை ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து வரும் பிள்ளைக்கு மட்டும் நாள்தோறும் வந்து விழுமானால், அது இழிவு. முதலாவதை மறுக்கும் மகனைத் தகப்பன் கண்டிக்கவேண்டும். இரண்டாவதை அவன் பொறுத்துக்கொண்டு வந்தால், தகப்பனே மைதானத்துக்குப் போய்க் கேட்கவேண்டும்.

பாராட்டும் முறையையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 1998-இல் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு தேர்வில் வென்ற சிறுவர்களில் சிலரை அறிவாளிகள் என்றும் சிலரை நன்கு உழைத்தவர்கள் என்றும் பாராட்டினர். பின்பு கடினமான தேர்வில் தோல்வி வந்தபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விரைவில் சோர்ந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றனர். இத்துறையில் பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் இத்தகைய தலையீடுகளின் விளைவு தொடக்கத்தில் நம்பப்பட்ட அளவுக்குப் பெரிதில்லை என்று காட்டியிருக்கின்றன. ஆயினும் ஒரு வீட்டுக்கு வேண்டிய குறிப்பு அதில் இருக்கிறது. ‘நீ பிறவியிலேயே ஆட்டக்காரன்’ என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு அவுட்டும் தன் பிறவியின் மீதான தீர்ப்பாகிவிடுகிறது. பந்து சுவரில் பட்டதை அன்று ஒப்புக்கொள்ள அவனால் முடியாமற்போனதற்கு அண்டைவீட்டாரின் ‘அடுத்த சச்சினும்’ ஒரு காரணமாயிருக்கலாம். சச்சின்கள் சந்தில் அவுட்டாகலாமா? ‘இன்று இடது காலை நன்றாக முன்னே வைத்தாய்’ என்ற சொல் அத்தகைய சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதில்லை.

இன்னொரு கணக்கையும் வீட்டில் மறைக்கக் கூடாது. மும்பை அணிக்காக ஒரு நாளில் களமிறங்குவோர் 11 பேர். அந்தப் பதினோரு இடங்களுக்குச் சிவாஜி பார்க்கிலும் ஆசாத் மைதானத்திலும் கிராஸ் மைதானத்திலும் காலை முதல் மாலைவரை வெள்ளை உடையில் நிற்கும் பிள்ளைகள் எண்ணற்றோர். அவர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரர்களாக வாழப்போவதில்லை. அதைச் சொல்லிப் பிள்ளையின் மனத்தை ஒடிக்க வேண்டியதில்லை. சொல்லாமல் ஏமாற்றவும் கூடாது. திறமை பலனளிக்காமற்போனாலும் கையில் எஞ்சுபவை சில உண்டு: விடியுமுன் எழுந்துவிடும் உடல், தவற்றை ஒப்புக்கொள்ளும் நாக்கு, எவர்முன்னும் கூனாத முதுகு. பள்ளிப் பாடத்தைக் கைவிடாமல் ஆடவேண்டும் என்று வீட்டார் வற்புறுத்துவதும் இதனோடு சேர்ந்ததே. அது கனவின் மீதுள்ள அவநம்பிக்கை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளாதபடி, அந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து போடவேண்டும்.

அடுத்த ஞாயிறும் சந்தில் ஆட்டம் நடந்தது. தகப்பன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது பந்தோ ஐந்தாவதோ, பையன் அடித்தது சுவரை உரசிக்கொண்டு போயிற்று. பந்து வீசியவன் சிறுபிள்ளை. போன வாரத்தை நினைத்தோ என்னவோ, அவன் வாய் திறக்கவில்லை. வேறெவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பையன் இரண்டு நொடி அப்படியே நின்றான். பிறகு, “பட்டுச்சுல, நான் அவுட்டு” என்று சொல்லி மட்டையை அடுத்தவனிடம் நீட்டினான். சாக்கடை ஓரம் போய், வழக்கமாக எவரும் நிற்க விரும்பாத இடத்தில், பந்து பொறுக்க நின்றுகொண்டான்.

தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து திரும்பும்போது மெழுகு தடவிய நூல் கொஞ்சம் கொண்டுவந்தார். பிள்ளைகள் தூங்கியபின், பல வாரங்களாகக் கட்டைவிரல் பக்கம் பிரிந்து கிடந்த மகனின் கையுறையை எடுத்துவைத்துக்கொண்டு, பட்டறையில் விலையுயர்ந்த பைக்குப் போடும் அதே நெருக்கமான தையலில் அதைத் தைக்கத் தொடங்கினார்.